சஞ்சியாவைத் திருடியது யார்?

அத்தியாயம் 3

போன அத்தியாயத்தில் காணாமல் போன கல்யாணக் கிடாரத்தை மீட்டுக் கொடுத்த பிறகு, மூன்று நாளாக எங்கள் அலுவலகத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அலுவலகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில் இருக்கும் ஒற்றை அறை அது. கீழே யாராவது பட்டுப் புடவைக்குப் பேரம் பேசினால் மேலே எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

துப்பறிபவர் பெயர் கிருஷ்ணராசா. யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷம் கிழக்கு லண்டனில் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர். எந்த வீட்டில் யாருக்கு யாரோடு கோபம் என்பது கடித உறையைப் பார்த்தாலே தெரியும் என்பார். நான் பிரீத்தா, மதுரைப் பக்கம். வங்கி ஒன்றில் பார்த்த கணினி வேலை போன பிறகு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று இவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். அந்த ‘கிடைக்கும்வரை’ தொடங்கி எட்டு மாதம் ஆகிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்சிகா வந்தாள். இருபத்தாறு வயது, டூட்டிங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை. உட்காரச் சொன்னேன். அவள் நின்றபடியே, தன்மேல் களவுப் பழி விழுந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைத் துடைத்துத் தரவேண்டும் என்றாள். என்ன களவு போனது என்று கேட்டேன்.

“ஒரு பேர்,” என்றாள்.

நான் பேனாவை மூடி வைத்தேன். கிருஷ்ணராசா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

விஷயம் இது. கம்சிகாவின் அண்ணன் றஜீவனுக்கும் அண்ணி ஜெனோஜாவுக்கும் முதல் குழந்தை, பெண், பிறந்து இருபத்தெட்டு நாள் ஆகிறது. முப்பத்தோராம் நாளான ஞாயிற்றுக்கிழமை துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழித்துப் பெயர் வைக்கப் போகிறார்கள். லண்டன் யாழ்ப்பாணத்தாருக்குப் பிள்ளையின் பெயர் ராணுவ ரகசியம். அன்றைக்கு முன்னால் வெளியே வரக்கூடாது. அதைவிட முக்கியம், அந்தப் பெயர் பூமியில் வேறு எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இருக்கக்கூடாது. எங்கள் தெருவில் நாங்கள் நாலு பிரீத்தா இருந்தோம். யாரும் துப்பறிபவரைத் தேடிப் போகவில்லை.

ஜெனோஜா பெயரை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் வைத்துக் கம்சிகாவிடம் கொடுத்திருக்கிறாள். தகப்பனின் தங்கை, பிள்ளைக்கு மாமி என்ற முறையில் பெயர் பொறித்த சங்கிலி போடவேண்டியவள் கம்சிகா. உறையைத் திறக்காமல் நகைக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சத்தியம் செய்கிறாள். அது நடந்து நாலாம் நாள், போன ஞாயிறு, டூட்டிங்கில் வேறொரு குழந்தைக்கு முப்பத்தொன்று. கம்சிகாவுக்குப் பழக்கமான அனுசியா அக்காவின் குழந்தை அது. கம்சிகாவும் போயிருக்கிறாள். அனுசியாவின் கணவர் மைக்கைப் பிடித்து, மகளின் பெயர் சஞ்சியா, அந்தியில் முதலில் ஏற்றும் விளக்கு என்று அர்த்தம் என்று அறிவித்திருக்கிறார். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி அன்று சாயங்காலமே ஜெனோஜாவுக்கு வந்து சேர்ந்தது. ஜெனோஜாவின் உறைக்குள் இருந்த பெயரும் சஞ்சியா. அவள் சொல்லும் அர்த்தமும் அதே விளக்குதான்.

வீடியோவைக் கம்சிகா எங்களுக்குக் காட்டினாள். முன்வரிசையில் அவளே நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகவே தட்டியிருந்தாள்.

“அண்ணி என்னை ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா,” என்றாள். “பேர் சொல்லேக்க பிள்ளையை மடியில வைச்சிருக்க வேண்டியவள் நான். நாலு நாளாப் பிள்ளையைத் தொடக்கூட விடேல்ல. அண்ணா வாயே திறக்கிறார் இல்லை.” அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் பேனாவை மறுபடி திறந்தேன்.

கிருஷ்ணராசா நகைக்கடைக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். தாளில் என்னென்ன எழுதியிருந்தது? வெறும் பெயர் மட்டும் என்று பதில் வந்தது. அவர் போனை வைத்துவிட்டு மீசையைத் தடவினார்.

“உறையில அர்த்தம் இல்லை,” என்றார். “டூட்டிங்கில அர்த்தம் இருந்தது. அப்ப களவு போனது உறைக்குள்ளால இல்லை.”

*

மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று றஜீவனுடையது. கம்சிகா இருப்பதும் அங்கேதான். கம்சிகா எங்களை அறிமுகப்படுத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஜெனோஜா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கமில்லாத கண், ஆனால் குரலில் தளர்ச்சி இல்லை. பெயரை வெளியே சொன்னது கம்சிகாதான், விசாரிக்க எதுவும் இல்லை என்று முடித்துவிட்டாள். உறையில் அர்த்தம் எழுதவில்லையே என்று கிருஷ்ணராசா சொன்னதற்கு, ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குக் காது இல்லையா என்று திருப்பிக் கேட்டாள்.

மாமியார், அதாவது கம்சிகாவின் அம்மா, செல்வமலர் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். கூடவே மட்டன் ரோல்ஸ். வெளியே இருந்து யார் எதைச் சொன்னாலும் தான் லேசில் நம்புகிற ஆளில்லை, இந்தப் பெயருக்கும் தானாக விசாரித்துப் பார்த்த பிறகுதான் ஓம் சொன்னதாகச் சொன்னார். என்ன அருமையான அர்த்தம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஜெனோஜா குரலைத் தாழ்த்தினாள்.

“மாமிக்குத் தெரியாது. இது எங்கட பேர் இல்லை. ஐரோப்பாவில எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தி வைச்ச பேர். ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் நானூறு பேர் எழுதின லிஸ்ட் தந்தவர். அதில எடுத்தனான். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் இருக்காது எண்டுதான் எடுத்தனான்.”

மாமியாரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், பெயர் என்று ஒரே அடியாய் மறுத்திருப்பார் என்றாள். விளக்கு என்ற அர்த்தம் எங்கே கிடைத்தது என்று கிருஷ்ணராசா கேட்டார். அதுவும் அந்த டாக்டர் சொன்னதுதான் என்று சொல்லி, குழந்தையின் முதுகைத் தட்டத் தொடங்கினாள். குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. தட்டவேண்டிய தேவையே இல்லை.

கிளம்பும்போது செல்வமலர் விடவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதற்குள் நூறு பிளாஸ்டிக் பைகள். மதுரையானால் என்ன, மானிப்பாயானால் என்ன, தமிழ் வீடு என்றால் பைகளுக்கென்று ஒரு பை இருக்கும். அதிலிருந்து ஒன்றை உருவி, மிச்சமிருந்த ரோல்ஸ் ஆறையும் போட்டு என் கையில் திணித்தார். நான் வேண்டாம் என்று ஒரு தரம்தான் சொன்னேன்.

*

பட்டியல் கொடுத்த டாக்டர் குருமூர்த்தியை அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரித் தேநீர்க் கடையில், இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் பிடித்தோம். கும்பகோணத்துக்காரர், மயக்க மருந்து நிபுணர். பழைய ஐரோப்பியப் பெயர்களைச் சேகரிப்பது அவருக்குப் பைத்தியம். ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும் நோயாளியை ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்வதற்குப் பதிலாக, அவரவர் பெயரின் பூர்வீகத்தை இவர் சொல்லத் தொடங்குவாராம். இதுவரை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை என்று வருத்தப்பட்டார்.

நாங்கள் விழித்திருப்பதைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. மட்டில்டா என்றால் போரில் வலிமை. எடித் என்றால் செல்வமும் போரும். உர்சுலா, குட்டிப் பெண்கரடி. செசிலியா, கண் தெரியாதவள். வங்கியில் என்னை வேலையை விட்டுத் தூக்கிய மேலாளர் பெயர் உர்சுலா என்பதால் இந்தத் துறையில் ஏதோ உண்மை இருக்கிறது என்று எனக்கும் பட்டது. குன்ஹில்டா என்றால் என்ன என்று கேட்டு வைத்தேன்.

“குன்னா போர். ஹில்டான்னாலும் போர்.”

“ரெண்டுமே போரா டாக்டர்?”

“ரெண்டுமே. ஃப்ரெடெகுண்டுன்னு ஒண்ணு இருக்கு. முதல் பாதி சமாதானம், பின்பாதி சண்டை.”

என் மாமியாருக்குச் சரியாக வரும் என்றேன். கிருஷ்ணராசா, நீர் கொஞ்சம் சும்மா இரும் என்று சொல்லிவிட்டு, பெற்றவர்கள் ஏன் இப்படி ஒட்டாத பெயரை வைத்தார்கள் என்று விசாரித்தார். அப்போதுதான் டாக்டர் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல பேர் அர்த்தம் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. தகப்பன் பெயரில் ஒரு துண்டு, தாய் பெயரில் ஒரு துண்டு. இரண்டையும் ஒட்டினால் பிள்ளையின் பெயர். தாய் வுல்ஃப்கிஃபு, தகப்பன் ஏதல்ஸ்டான் என்றால் மகன் வுல்ஃப்ஸ்டான். சேர்த்துப் பார்த்தால் ஓநாய்க் கல் என்று வரும். அந்தப் பையன் பிற்பாடு பெரிய பிஷப் ஆகிவிட்டார், ஓநாயும் கல்லும் ஒரு இடைஞ்சலும் செய்யவில்லை.

கிருஷ்ணராசா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “எங்கட ஆக்கள் செய்யிறதும் இதுதான்,” என்றார் மெதுவாக.

“சஞ்சியான்னா என்ன டாக்டர்?” என்று கேட்டேன்.

“சாங்க்டஸ்னு லத்தீன்ல. புனிதமானவள். ஸ்பெயின் பக்கத்துல கிளம்பி இங்க வந்த பேர்.”

“அந்தி விளக்கு?”

“விளக்கா? யாரு சொன்னா?”

நீங்கள்தான் சொன்னதாகச் சொல்கிறார்கள் என்றோம். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பொய் அர்த்தம் சொல்வதைவிடத் தவறான ஊசி போடுவது மேல் என்கிற கட்சி அவர். ஜெனோஜாவை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்னால், முதுகு ஊசியைப் பற்றி விளக்கப் போன இடத்தில் பட்டியலைக் கொடுத்திருக்கிறார். அவள் நானூறு பெயரையும் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து சஞ்சியாவில் நிறுத்தி, இது ஏற்கெனவே பழகின பெயர் மாதிரி இருக்கிறது என்றாளாம். எண்ணூறு வருஷத்துப் பெயர் எப்படிப் பழகும் என்று அவரும் அன்றைக்கு ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். பார்பரா என்று ஒரு அம்மா காத்திருக்கிறாராம். பார்பராவின் பூர்வீகம் நீளமானது, இன்றைக்காவது யாராவது முழுக்கக் கேட்பார்களா பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த அம்மாவுக்காக நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

*

ஆஸ்பத்திரி வாசலிலேயே கிருஷ்ணராசா கம்சிகாவுக்குப் போன் போட்டு, அனுசியாவின் கணவர் பெயரைக் கேட்டார். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, என்னிடம் சொல்லாமல் நடந்தார். துப்பறிபவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை உதவியாளரை முட்டாளாகவே வைத்திருப்பார்கள்.

டூட்டிங்குக்குப் போகும் நார்தர்ன் லைன் ரயிலில் இடம் கிடைத்ததும் நான் என் கருத்தைச் சொன்னேன். ஜெனோஜா பொய் சொல்கிறாள். விளக்கு அவளே கட்டிய கதை.

“ஓம்,” என்றார். “அதுதான் எங்களுக்குக் கிடைச்ச கைரேகை. மெய்யான அர்த்தமெண்டால் ஆரும் தேடிக் கண்டுபிடிக்கலாம், பிரீத்தா. பொய் அர்த்தத்தை ஒருத்தரும் தானாக் கண்டுபிடிக்க ஏலாது. அது அவவின்ர தலைக்குள்ளால வெளிய வந்து, டூட்டிங் வரைக்கும் நடந்து போயிருக்கு. எந்த வழியால போனது எண்டதுதான் கேள்வி.”

வழி மூன்றுதான் இருந்தது. றஜீவன், செல்வமலர், கம்சிகா. இதில் டூட்டிங்குக்குத் தினமும் போய் வருகிறவள் ஒருத்திதான். எங்களை அமர்த்தியவளே குற்றவாளியாகிவிடுவாளோ என்ற பயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் ஒரு ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது, அதனால் இன்னொன்றும், டூட்டிங் வருவதற்குள் மிச்சமும்.

டூட்டிங் பிராட்வேயில் இறங்கி, அப்பர் டூட்டிங் ரோட்டில் நடந்தோம். வெயிலும் சனமும் சரிபாதியாக இருந்த பிற்பகல். மதியத்துக்கு மேல் வேலைக்கு வந்திருந்த கம்சிகா அங்கிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். அனுசியா அக்காவின் கடை எது என்று கேட்டதும் கையை நீட்டிக் காட்டினாள். நாலு வருஷமாக மட்டன் ரோல்ஸ், ஒடியல் மா, கருவாடு எல்லாம் அங்கேதான் வாங்கி மனோர் பார்க்குக்குக் கொண்டுபோவதாகவும் சொன்னாள். கடைக்குப் பெயர் என்ன என்று கிருஷ்ணராசா கேட்டார்.

“அனுசியா அக்கான்ர கடை.”

“பேரைக் கேட்டனான், பிள்ளை.”

கம்சிகா பதில் சொல்லாமல் நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். நாலு வருஷமாக அவள் நுழைந்து வந்த வாசலுக்கு மேலே, ஆள் உயரப் பச்சை எழுத்தில், சஞ்சியா ஃபுட் சென்டர் என்று எழுதியிருந்தது.

அவள் முகம் வெளிறிப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தார் கடையை ஆளின் பெயரால் சொல்வார்கள். பலகையைப் படிப்பது வெள்ளைக்காரனும் கவுன்சில்காரனும்தான்.

கல்லாவில் நின்றவர் அனுசியாவின் கணவர் சஞ்சயன், நாற்பது வயதுக்காரர், பருத்த உடம்பு, சாந்தமான முகம். பெயர்க் களவு என்று தொடங்கியதும் அந்தச் சாந்தம் போய்விட்டது. யாருடைய பெயரையும் எடுக்கவேண்டிய கஷ்டம் தனக்கு இல்லை என்றார்.

“நான் சஞ்சயன், அவ அனுசியா. சஞ்சியா. கலியாணம் கட்டின கிழமையே பிள்ளைக்கெண்டு முடிவெடுத்த பேர். பிள்ளை வரேல்ல. கடையைத் திறந்தம். பேர் சும்மாதானே கிடக்கு எண்டு கடைக்கு வைச்சம்.” பின்னால் திரும்பிப் பார்த்தார். “எட்டு வருஷம் கழிச்சு இப்பதான் பிள்ளை வந்தவ.”

என் வாயில் அப்போது ஒரு நையாண்டியும் வரவில்லை. பின்னால் அலமாரிக்குப் பக்கத்தில் அனுசியா குழந்தையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் ஒரு பெயரை அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் பத்திரமாக வைத்திருந்தவர்களிடம் போய்த் திருட்டு விசாரிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

கிருஷ்ணராசா குழந்தைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, விளக்கு எங்கே இருந்து வந்தது என்று பணிவாகக் கேட்டார். சஞ்சயனுக்குக் கொஞ்சம் கூச்சம் வந்துவிட்டது. விழா அன்று கனடாவிலிருந்து வந்த ஒரு பெரியப்பா, பெயருக்கு என்ன அர்த்தம் என்று சபையில் கேட்டுவிட்டாராம். பாதி நான், பாதி மனைவி, கூடவே கடை என்று சபையில் எப்படிச் சொல்வது? மைக்கை வாங்குவதற்கு முன் போனில் தேடிப் பார்த்தாராம். வந்ததாம்.

போனை வாங்கிப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பெயரும் அர்த்தமும் எழுதிச் சேர்க்கக்கூடிய ஒரு குழந்தைப் பெயர்த் தளம். சஞ்சியா, பழந்தமிழ்ப் பெயர், அந்தியில் முதலில் ஏற்றும் விளக்கு. எழுதிச் சேர்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சேர்த்தவர் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ஜெனோ, மனோர் பார்க்.

எல்லாம் ஒரே நொடியில் பிடிபட்டது. தானாக விசாரிக்காமல் நம்பாத மாமியார், கூகிளில் தேடுவார் என்று மருமகளுக்குத் தெரியும். தேடும்போது கிடைக்கவேண்டும் என்று முன்கூட்டியே போய் எழுதி வைத்திருக்கிறாள். உலகத்துக்கே தெரியும்படி ரகசியத்தை ஒட்டியவள் அவள்தான். உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

“அப்ப நான் ஒண்டும் செய்யேல்ல,” என்றாள் கம்சிகா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கிருஷ்ணராசா தலையைச் சாய்த்து என் கையைப் பார்த்தார். “ரோல்ஸைச் சாப்பிட்டு முடிச்சிட்டீரோ? அந்தப் பையை ஒருக்கால் விரியும் பாப்பம்.”

கசங்கிய பையை விரித்தேன். பச்சை எழுத்தில் சஞ்சியா ஃபுட் சென்டர், அப்பர் டூட்டிங் ரோட் என்று இருந்தது. மனோர் பார்க் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய பைக்குள் இருந்து வந்த பை. அங்கே இதுபோல் இன்னும் நூறு இருக்கிறது. குப்பை போட, மீன் வைக்க, கறிவேப்பிலை சுற்ற என்று நாலு வருஷமாக ஜெனோஜா இந்தப் பெயரைத் தினம் ஐந்து தரம் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் வாசித்ததில்லை. அதனால்தான் நானூறு பெயரில் இந்த ஒன்று மட்டும் அவளுக்குப் பழகின பெயராகப் பட்டிருக்கிறது.

“பிள்ளை,” என்றார் கிருஷ்ணராசா கம்சிகாவிடம், “அந்த வீட்டிலயிருந்து பேரைக் கொண்டுபோனது நீங்கள் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள்ள பேரைக் கொண்டுவந்தது நீங்கள்தான்.”

*

நாங்கள் மூவரும் மனோர் பார்க் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெரிய பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகச் செல்வமலர் வரவழைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்குகள், சாண் உயரம், நூற்றைம்பது. அந்தி விளக்கு என்ற அர்த்தத்தில் மயங்கி, பெயரைச் சொல்லாமல் அர்த்தத்தை மட்டும் பாரிஸ், டொரொண்டோ எல்லா இடமும் போனில் சொல்லிவிட்டாராம். அவர் பின்கட்டில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்.

முன்னறையில் ஜெனோஜா குழந்தையோடு இருந்தாள். கம்சிகா உள்ளே வராமல் சப்பாத்தோடு நடையில் நின்றாள். கிருஷ்ணராசா பையை மேஜைமேல் விரித்தார். அதன்மேல், அந்த இணையப் பக்கம் திறந்திருந்த என் போனை வைத்தார். ஜெனோஜா இரண்டையும் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்கட்டிலிருந்து செல்வமலர், என்ன முடிவு, யார் சொன்னது என்று குரல் கொடுத்துக்கொண்டே கையைத் துடைத்தபடி வந்தார். கிருஷ்ணராசா தொண்டையைச் செருமினார். வழக்கை அவிழ்த்துச் சொல்லும் கட்டம் அவருக்கு மிகவும் பிடித்தமானது. வருஷத்தில் இரண்டு தரம்தான் கிடைக்கும்.

“அண்ணை, வேண்டாம்,” என்றாள் கம்சிகா நடையிலிருந்து. “ஆர் எண்டு தெரியேல்ல எண்டு சொல்லுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமை வரேல்ல. அம்மாக்கு முன்னால ஒண்டும் கதைக்க வேண்டாம்.”

அவள் எங்களைத் தேடி வந்ததே தன் பெயரைக் காப்பாற்றத்தான். காப்பாற்றும் சாட்சி மேஜைமேல் இருக்கிறது. அதை அவளே மூடி வைக்கச் சொல்கிறாள். கிருஷ்ணராசாவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவரைப் பேசவிடாமல் செய்த முதல் ஆள் அவள்தான், அதற்காகவே எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

ஜெனோஜா எழுந்தாள்.

“மாமி, நான்தான்,” என்றாள். “விளக்கெண்டு ஒண்டும் இல்லை. நான்தான் எழுதிப் போட்டனான். பேரும் வெள்ளைக்காரப் பேர். கம்சிகா ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நான் அவளை ஏசினது பிழை.”

செல்வமலர் மேஜையில் இருந்ததைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்கட்டில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். பெட்டிகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“அப்ப நூற்றைம்பது விளக்கை நான் என்ன செய்யிறது?”

பெயரை மாற்றத்தான் வேண்டும், டூட்டிங்குப் பிள்ளை முந்திவிட்டாள். கிருஷ்ணராசா கிடைத்த இடைவெளியில் நுழைந்து, அந்தக் காலத்து வெள்ளைக்காரரும் நம்மைப் போலத்தான் தாய் தகப்பன் பெயரை ஒட்டினார்கள் என்று ஓநாய், கல், பிஷப் எல்லாவற்றையும் சொன்னார். செல்வமலர் ஓநாயைக் காதில் வாங்கவில்லை. றஜீவன், ஜெனோஜா, றஜீவன், ஜெனோஜா என்று விரலை மடக்கினார். உதடு கொஞ்ச நேரம் அசைந்தது.

“றனோஜா,” என்றார். “ஒருத்தருக்கும் இராது.”

அர்த்தம் என்ன என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அந்தியில முதல் ஏத்திற விளக்கு,” என்றார் செல்வமலர், கண்ணை இமைக்காமல். “ஜெனோஜா, அந்தக் கூகிளில உந்தப் பேரையும் இப்பவே எழுதிப்போடு. ஆரும் தேடிப் பாத்தால் கிடக்க வேணும்.”

என் போனையே எடுத்து ஜெனோஜாவிடம் நீட்டிவிட்டு, வெளியே மூச்சு விடக்கூடாது என்று எங்கள் இருவரையும் கண்டிப்பாகப் பார்த்தார். கிருஷ்ணராசா அவரைவிடப் பதினைந்து வருஷம் இளையவர் போலப் பணிவாகத் தலையாட்டினார். ஒரே பொய்க்கு இரண்டு பெயர் கிடைத்த வழக்கு என்று இதைக் குறித்துக்கொள்ள நினைத்தேன், ஆனால் அந்த வீட்டில் யாரும் அதை வழக்காகவே இப்போது நினைக்கவில்லை.

ஜெனோஜா ஒரு கையில் போனையும் ஒரு கையில் குழந்தையையும் வைத்துக்கொண்டு தடுமாறினாள். தட்டச்சு செய்ய இரண்டு கையும் வேண்டியிருந்தது. மாமியார் நீட்டிய கையை அவள் பார்க்காதது போல இருந்துவிட்டாள். நடைக்குப் போனாள். கம்சிகா இன்னும் சப்பாத்தைக் கழற்றாமல் சுவரோடு நின்றாள்.

“கை நோகுது, பிடி,” என்றாள் ஜெனோஜா. “ஞாயிற்றுக்கிழமையும் நீதான் பிடிக்க வேணும்.”

கம்சிகா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு, அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தாள்.